மட்டி கொண்டுவந்த அக்காவுக்கு

என் அன்பு அக்கா பூங்காவனத்துக்கு,

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று கீழே சரிகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில், கூரை தாங்கும் மரம் செதுக்கிய கை இது. வாச்சியைப் பிடித்த பிடியிலேயே பேனாவைப் பிடிக்கிறேன். நேற்று ஒரு நிப்பு வளைந்துபோயிற்று. ஒரு வரி முடிப்பதற்குள் பற்றவைத்த பீடி தானாக அணைந்துவிடுகிறது.

ஆமாம் அக்கா, நான்தான் எழுதுகிறேன், உன் தம்பி முனிசாமி. யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. தெருவில் நடந்தால் கடைப் பலகையெல்லாம் என்னோடு பேசுகிறது. போன மாதம் மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெயர்ப் பலகையை நின்று படித்தேன். 'ம்' வரைக்கும் வந்து நிமிர்ந்து பார்த்தால் ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் வரும்வரை அதே பலகையை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.

மைசூர் மைன்ஸ் வாசகசாலையில் மத்தியானம் மூன்று மணிக்கு எங்களுக்கு வகுப்பு. எல்லாம் ரிடையர் ஆன ஆட்கள். போன வாரம் டீச்சரம்மா ஆளுக்கு ஒரு கடிதம் எழுதி வரச் சொன்னார். அதைச் சுவரில் ஒட்டுவாராம், பேப்பர் படிக்க வருகிறவர்கள் படிப்பார்களாம். ஒருவர் பம்பாயில் இருக்கும் மகனுக்கு எழுதுகிறார். ஒருவர் ரேஷன் கடைக்காரனுக்கு எழுதுகிறார், மூன்று பக்கம் ஆகிவிட்டது, இன்னும் கோபம் தீரவில்லை. நான் உனக்கு எழுதுகிறேன் என்றேன். முகவரி எழுத வேண்டாமா என்று டீச்சரம்மா கேட்டார். சுவரில் ஒட்டினால் போதும் என்றேன்.

ஏன் போதும் என்றேன் தெரியுமா? நாலு பேர் முன்னால் நான் உன்னைப் பற்றி ஒரு பொய் சொன்னேன். அதை நாலு பேர் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் எனக்குச் சாவு வரக் கூடாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான். சுவருக்கு முன்னால் நின்று படிக்கிறவர்களுக்காகச் சொல்லுகிறேன்.

அம்மா அப்பா போன பிறகு நமக்கு நாமேதான். உன்னைப் பூதிகோட்டையில் கொடுத்தோம். மாமா ஊரார் நிலத்தில் ஏர் ஓட்டினார். நான் இங்கே சுரங்கத் தொழிலாளிகள் லைனில், மூங்கில் தட்டி வீட்டில் இருந்தேன். என் மகள் விமலாவின் அம்மா ஏழு வயதுப் பெண்ணை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியபோது, நீ உடனே வந்து நின்றாய். அதற்குப் பிறகு கோடைக்குக் கோடை ஒரு மாதம் வந்து இருந்தாய். விமலாவுக்குப் பேன் பார்த்து, தலை வாரி, பாவாடை தைத்துக் கொடுத்து, அவள் சிரித்தால் சிரித்து, அழுதால் அதட்டி.

வரும்போது வெறும் கையோடு வந்தாயா? பூதிகோட்டை ஏரி கோடையில் வற்றி நடுவில் குளம் மாதிரி நிற்கும். அந்தச் சேற்றில் இறங்கி, காலாலேயே துழாவி, கறுப்பு மட்டியாகப் பொறுக்கி, ஈரச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பங்காரப்பேட்டை வந்து ரயில் ஏறுவாய். வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டித் தண்ணீரில் கொட்டி, அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றுவாய். ஒரு ராத்திரி கிடந்தால் வயிற்றிலிருக்கும் மண்ணையெல்லாம் கக்கிவிடும். மறுநாள் தேங்காய் நாரால் ஓட்டைத் தேய்த்து, பானையில் இரண்டு கை தண்ணீர் விட்டு, மட்டியைப் போட்டு மூடுவாய். வாய் திறந்ததும் இறக்கி, கட்டை விரலால் ஒரு நெம்பு. சதை கையோடு வரும். மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீர் அலசி, மிளகும் மல்லியும் அம்மியில் அரைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, புளி கொஞ்சமாக விட்டுக் கொதிக்கவைப்பாய். களி உருண்டையை அதில் தொட்டு விழுங்கினால் ஷிப்ட் அலுப்பு எங்கே போகும் என்றே தெரியாது. விமலா வெறும் ஓடுகளை வரிசையாக வைத்து விளையாடுவாள்.

பிறகு எனக்கு மேஸ்திரி வேலை கொடுத்தார்கள். மைன்ஸ் வெள்ளைக்காரக் கம்பெனி கையை விட்டு அரசாங்கத்திடம் போன பிறகு நடந்தது அது. தட்டி வீட்டை விட்டு ஓடு போட்ட செங்கல் வீட்டுக்கு வந்தேன். பழைய லைன் ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை, எல்லாம் புது முகம். அங்கே தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாள் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தி இன்னொருத்தியை 'மட்டி துன்னி' என்று, மட்டி தின்பதே கேவலம் என்பது போலத் திட்டினாள். நான் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைத் திட்டியது மாதிரி காது சுட்டது.

நாம் புத்தர் வழிக்கு வந்தவர்கள். கூட்டத்தில் பெரியவர்கள் தலை நிமிர்ந்து நட என்று சொன்னார்கள். நல்ல வார்த்தை அக்கா. நான்தான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டேன். எதையெல்லாம் மறைத்தால் தலை நிமிரும் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் விமலாவுக்கு ஒரு இடம் வந்தது. பையன் மைன்ஸ் ஆபீசில் கிளார்க்கு. ஸ்கெலட்டன் என்கிற லைனில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். உனக்கு நான் சொல்லவில்லை. எழுதத் தெரியாது, யாரிடம் போய் எழுதி வாங்குவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்குதான். பூதிகோட்டைக்குப் போகிற ஆள் தினமும் நாலு பேர் உண்டு.

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள். நாலு வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டிருந்தேன். பையனின் அம்மா லோகம்மா பட்டுப் புடவையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பையனின் பெரியப்பா. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தட்டில் காராபூந்தி, கேசரி. நான் புது புஷ்கோட்டுப் போட்டிருந்தேன்.

வாசலில் நீ வந்து நின்றாய்.

புது வீட்டைப் பார்க்க வந்திருக்கிறாய். லைன் லைனாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாய். தலையில் ஈரச் சாக்கு. தண்ணீர் கழுத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாய். முழங்கால் வரைக்கும் ஏரிச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முகம் கொள்ளாத சிரிப்பு.

"யாருங்க அது?" என்று பெரியப்பா கேட்டார்.

நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். நீ வாயைத் திறந்து 'டேய்' என்று சொல்லிவிடப் போகிறாயே என்று எனக்குப் பயம். நீ சொல்லுவதற்கு முன்னால் நான் சொன்னேன்.

"மட்டி விக்கறவங்க. இன்னிக்கி வேணாம்மா, போங்க."

உன்னை நான் அதுவரைக்கும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. வா, போ, துன்னு, இது மட்டும்தான் நமக்குள். அந்த 'போங்க' என் வாயிலிருந்து விழுந்ததும் உன் சிரிப்பு எங்கே போனதென்று நான் பார்த்தேன். அது ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. நீ நாற்காலிகளைப் பார்த்தாய். கேசரித் தட்டைப் பார்த்தாய். என் புது புஷ்கோட்டைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலையிலிருந்த சாக்கை மெதுவாக இறக்கிவைத்து, யாரோ போலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஏரி மட்டிங்க, பூதிகோட்டை மட்டி, வேணுங்களா?" என்றாய்.

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எப்படி அக்கா உடனே வந்தது உனக்கு?

அப்போது நான் நினைக்காதது நடந்தது. லோகம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "மட்டியா? உசுரா கீதா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து, பட்டுப் புடவையோடு குந்தி உட்கார்ந்து சாக்குக்குள் கையை விட்டார். பெரியப்பா நெளிந்தார். "நீங்க சும்மா இருங்க மாமா, எங்கம்மா இத்த ஆக்குனா தெருவே வந்து நிக்கும்" என்று அவரை ஒரு போடு போட்டார். பிறகு உன்னிடம், "எவ்ளோம்மா?" என்றார்.

அந்த நொடி எனக்கு வழி திறந்திருந்தது. மட்டி துன்னிகள் என்று எங்களைத் தள்ளிவிடுவார்களோ என்றுதானே நான் பயந்தேன். அந்தம்மாவே மட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். 'அம்மா, இது எங்க அக்கா' என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், நீயும் சிரித்திருப்பாய், உள்ளே வந்திருப்பாய். நான் வாயைத் திறந்தேன். ஆனால் இப்போதுதானே வேறு மாதிரி சொன்னேன், பொய்யன் என்று நினைப்பார்களே என்று அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வாயை மூடிக்கொண்டேன்.

நீ, "நல்ல காரியம் நடக்கற வூடு. காசு வேணாம்மா. பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, சாக்கோடு அவரிடம் தள்ளிவிட்டு எழுந்தாய். எந்த ஊர் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொன்னாய். திரும்பி நடந்தாய். அந்த வெயிலில் உனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. உள்ளே தடுப்புத் துணிக்குப் பின்னால் விமலா, கட்டிய புடவையோடு, உன் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அவர்கள் போன பிறகு விமலா அழுதாள். "அத்தைய இப்டி சொல்லிட்டியேப்பா" என்றாள். கல்யாணம் ஆகட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கினேன்.

அடுத்த வாரம் பூதிகோட்டைக்கு வந்தேன்.  தட்டை வைத்தாய், களி போட்டாய். இடம் அமைந்ததா என்றாய். அமைந்தது என்றேன். "அக்கா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தேன். "ஆறிப் போவுது, துன்னு" என்றாய். மன்னித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு தின்றேன். உனக்கு அந்தப் பேச்சைக் கேட்க விருப்பமில்லையா, இல்லை நான் இன்னும் ஒரு தடவை ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தாயா?

கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க வந்தபோது நீயே சொன்னாய்: "நான் வந்தா அந்தம்மா கண்டுக்கும்டா. மட்டிக்காரிக்கு இங்க இன்னா வேலைன்னு கேப்பாங்க. நீ தல குனிஞ்சி நிக்கணும். வேணாம்." அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவர்களிடம் நான் சொல்லிவிடுகிறேன், நீ வா என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்பாடா என்று இருந்தது அக்கா. உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மூச்சு வந்தது.

நம் வழக்கத்தில் பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது முதல் மஞ்சள் அத்தை கை. எல்லாரும் கூடியிருக்கும்போது லோகம்மா என்னைப் பார்த்து, "பொண்ணுக்கு அத்த இல்லீங்களா அண்ணா?" என்று கேட்டார். தூரத்தில் இருக்கிறார்கள், வர முடியவில்லை என்றேன். பூதிகோட்டை தூரமா அக்கா? பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து மஞ்சளைத் தொட்டு வைத்தார். விமலா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு நீ என் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போனேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று லோகம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நினைப்பேன். காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன். அப்படியே வருஷங்கள் போய்விட்டன. நீ ஒரு மழைக்காலத்தில், மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும் வந்து உன்னை அடக்கம் பண்ணினேன். விமலா அப்போது இரண்டாவது பிரசவமாகிப் படுத்திருந்தாள். எட்டு நாள் கழித்துத்தான் அவளுக்குச் சொன்னேன். பிள்ளை பெற்ற உடம்பு என்றேன். அதுவும் பாதி சாக்குதான். அவள் வந்தால் அவளோடு லோகம்மாவும் வருவார் அல்லவா?

இப்போது இந்த வகுப்புக்கு வா. முதல் நாள் டீச்சரம்மா, பிடித்த ஒரு பெயரை எழுதிப் பழகுங்கள் என்றார். எல்லாரும் தங்கள் பெயரை எழுதினார்கள். நான் உன் பெயரை டீச்சரம்மாவிடம் எழுதி வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஆறு எழுத்து. சிலேட்டு முழுக்க பூங்காவனம், பூங்காவனம் என்று எழுதினேன். பக்கத்தில் உட்காரும் துரைசாமி எட்டிப் பார்த்தான். என்னோடு மரவேலை பார்த்தவன், வாயாடி. "யாருய்யா அது பூங்காவனம்? எங்களுக்குத் தெரியாம சின்ன வூடா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சிலேட்டை அழித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. இரண்டாம் தடவையும் உன்னை அழித்துவிட்டேனே என்று இருந்தது.

சொல்லிவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன். முதலில் லோகம்மாவிடம். வெறும் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மட்டி ஆக்கி வைத்து, சாப்பிடக் கூப்பிட்டு, அதை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன்.

இந்தக் கோடையில் பூதிகோட்டை ஏரியில் நானே இறங்கினேன். சேறு தொடை வரைக்கும் இழுத்தது. உனக்கு எப்படித்தான் கால் விரலில் கண் இருந்ததோ. எனக்கு முதலில் கல்லும் கிளிஞ்சலும்தான் வந்தன. கரையில் மாடு மேய்த்த ஒரு ஆள், "தாதா, ஏமி எதுக்குதுன்னாவு?" என்று தெலுங்கில் கேட்டான், என்ன தேடுகிறாய் தாத்தா என்று. என் அக்காவைத் தேடுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. மட்டி என்றேன். அவன் வந்து எப்படிக் காலை வைப்பது என்று காட்டிக்கொடுத்தான். அரைச் சாக்கு சேர்த்தேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். ரயிலில் சாக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், வேட்டியெல்லாம் ஈரம்.

நீ செய்தது போலவே கழுநீரில் போட்டுவைத்தேன். மறுநாள் லோகம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நான் மட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, கத்திக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்டர்கிரவுண்டில் பழகின பழக்கம் அது. கூரைக்கு மரம் கொடுக்கும் முன்னால் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். கணீர் என்று கேட்டால் கெட்டி, மொத்தென்று கேட்டால் விழப் போகிறது என்று அர்த்தம். அதே மாதிரி, கணீர் என்கிற மட்டியை நல்லது என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். ஒன்றிரண்டு செத்து வாய் பிளந்து காய்ந்திருந்தன. அவைதான் நன்றாகக் கணீர் என்றன.

லோகம்மா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணா, மட்டிய தட்டி மைன்ஸ் ஷாப்டு சரியா கீதான்னு பாக்கறீங்களா? இத்தல்லாம் துன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும்." உட்கார்ந்து என் கையிலிருந்ததை வாங்கினார். வாய் கொஞ்சம் திறந்திருந்த ஒரு மட்டியை எடுத்து, இன்னொரு மட்டியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, அதைப் பார்த்து, "இன்னாமே, உசுரோட கீறியா?" என்று கேட்டார். பிறகு காத்திருந்தார். மட்டி மெல்ல வாயை மூடிக்கொண்டது. "கீறா" என்று சொல்லிப் பானைப் பக்கம் வைத்தார்.

அக்கா, மட்டியோடு அப்படிப் பேசுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். விமலா குழந்தையாக இருக்கும்போது அவளை மடியில் வைத்துக்கொண்டு நீ அப்படித்தான் கேட்பாய். பதில் வராத மட்டியை, 'போயிட்டா பாவம்' என்று தள்ளி வைப்பாய்.

என் கை நின்றுவிட்டது. சொல்ல வேண்டும் என்று யோசித்து யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "சம்பந்தியம்மா, அன்னிக்கி மட்டி கொண்டாந்தாங்களே, அது எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த மட்டியை எடுத்துக்கொண்டே, "தெரியும்ண்ணா" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அன்றைக்கே சந்தேகம் என்றார். எந்த வியாபாரி முதல் போணியைக் காசு வாங்காமல் கொடுப்பாள் என்று கேட்டார். மட்டி ருசி விடாமல் அடுத்த மாதமே பூதிகோட்டைக்குத் தேடிப் போயிருக்கிறார். நீ கதவைத் திறந்து நின்றபோது, உன் நெற்றியும் மூக்கும் என்னுடையதாக இருப்பதைப் பார்த்து, நேரடியாகவே கேட்டுவிட்டாராம். நீ சிரித்துவிட்டாயாம். அதற்குப் பிறகு கோடைக்குக் கோடை அவர் வந்திருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு விமலாவும் வந்திருக்கிறாள். என் பேரன் உன் மடியில் உட்கார்ந்து மட்டி ஓட்டை வரிசையாக வைத்திருக்கிறான். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"அவங்கதான் வேணாம்னாங்க. 'சொன்னவன் அவன். அவன் வாயால மாத்தி சொல்லட்டும். அது வரிக்கும் நான் மட்டிக்காரிதான்'னு சிரிச்சாங்க. நலங்குல கேட்டேனே அண்ணா, அத்த இல்லியான்னு. உங்களுக்கு வழி வுட்டேன். நீங்க வரல."

அப்படியென்றால், 'அந்தம்மா கண்டுக்கும்' என்று நீ சொன்னதும் எனக்கு விட்ட வழிதானா அக்கா? அவர் தேய்த்த மட்டிகளை அடுப்பிலிருந்த பானையில் போட்டு மூடினார். பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அத்தல்லாம் போவட்டும். ஒரு கை மண்ணு போட வுடலியே அண்ணா எங்கள."

 அடுப்பில் பானை தண்ணீர் வற்றிக் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தோம். அடிப் பிடித்ததைத் தள்ளிவிட்டு மீதியை அவர் ஆக்கினார். உன் கை பக்குவம் அப்படியே இருந்தது. சாப்பிட்டோம். மிச்சம் வைக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "எங்கிட்ட சொன்னீங்க, சரி. எனக்குத்தான் முன்னயே தெரியுமே. அன்னிக்கி வூடு நெறய ஆளு இருந்தாங்களே அண்ணா, அவங்களுக்கு?"

அந்த ஆட்களை எங்கே தேடுவேன்? சிலர் வேறு லைனுக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா இப்போது இல்லை. ஆனால் மைசூர் மைன்ஸில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இந்த வாசகசாலைக்கு வராமல் இருக்க மாட்டார்கள். அன்றைக்கு வாசலை அடைத்து நின்ற பெண்களின் பிள்ளைகள் இங்கேதான் பேப்பர் படிக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லுவார்கள்.

ஆகவே, படித்துக்கொண்டு நிற்கிறவர்களே, கேளுங்கள். என் மகளைப் பெண் பார்த்த அன்று மட்டிச் சாக்கோடு என் வாசலில் வந்து நின்றது வியாபாரி அல்ல. அவள் பெயர் பூங்காவனம். தாயில்லாத என் மகளை வளர்த்தவள். அவளை உள்ளே கூப்பிடாமல் 'போங்க' என்று சொன்னவன் நான். கேவலம் மட்டியில் இல்லை, என் வாயில் இருந்தது.

அக்கா, இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கை வலிக்கிறது. ஆனால் உன் பெயரை இப்போது யாரையும் கேட்காமல் எழுதுகிறேன், கவனித்தாயா? ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா இதை ஒட்டுவார். நான் கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன், எழுந்து ஓட மாட்டேன். யார் யார் நின்று படித்தார்கள், யார் சிரித்தார்கள், யார் என்னைத் திட்டினார்கள் என்று அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். திட்டியதை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த தம்பி
முனிசாமி